சாங்கி விமான நிலைய உள் ஹோட்டலில் அம்மா தங்க வேண்டும், பெட்டியை என்ன செய்வது?

அம்மாவுக்கு 68 வயது, இந்தியப் பாஸ்போர்ட். அடுத்த வியாழக்கிழமை திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாக மெல்போர்னுக்குத் தனியாக வருகிறார். இரண்டும் வெவ்வேறு நிறுவன டிக்கெட்டுகள். இரவு 9:30 மணிக்கு இறங்குகிறார், மறுநாள் காலை 9:15க்கு அடுத்த விமானம். முழங்கால் வலியால் இரவு முழுக்க நாற்காலியில் உட்கார முடியாது. அதனால் டெர்மினல் 1இல், இமிகிரேஷனுக்கு உள்ளேயே இருக்கும் ஏரோடெல்லில் அறை பதிவு செய்தேன்.

சிக்கல் பெட்டியில்தான். முதல் நிறுவனம் சிங்கப்பூர் வரைக்கும்தான் டேக் போடுமாம். மூன்று முறை பேசிவிட்டேன், அதே பதில். இரண்டாவது நிறுவனத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை. பெட்டியை எடுக்க இமிகிரேஷனைத் தாண்ட வேண்டும். ஆஸ்திரேலிய விசா இருப்பதால் 96 மணி நேர விசா இல்லாத அனுமதி கேட்கலாம். ஆனால் அது அதிகாரி அங்கேயே எடுக்கும் முடிவு. வெளியே வந்துவிட்டால் உள்ளே இருக்கும் அறையும் வீண். இன்சுலினைக் கைப்பையிலேயே வைக்கச் சொல்லிவிட்டேன். பெட்டியில் பேத்திக்கு அம்மா கையால் தைத்த பாவாடை இருக்கிறது, அதை விட்டுவர மாட்டார்.

தனித்தனி டிக்கெட்டில் வந்து, வெளியே போகாமலே சாங்கியில் பெட்டியை அடுத்த விமானத்துக்கு மாற்றியவர்கள் இருக்கிறீர்களா, எந்தக் கவுன்டரில் கேட்டீர்கள்?