மறு: 'ரிஸ்க் ஒஃப் பயஸ்' – சார்பு இடர் சரிவராது, கோடல் எண்டு வைப்பமா?

> 'சார்பு இடர்' எண்டே போட்டுட்டு அடுத்த சொல்லுக்குப் போவம், சின்னதா இருக்கு, வாயிலயும் நிக்குது

அண்ணா, தமிழ்க் கலைச்சொல் எண்டா அப்பிடிப் போகேலாது. 'ரிஸ்க் ஒஃப் பயஸ்' எண்டது ஒரு ட்ரையல் (சிகிச்சையைச் சோதிக்கிற ஆய்வு) நடத்தின விதத்தால அதின்ர முடிவு உண்மையில இருந்து ஒரு பக்கம் சரிஞ்சிருக்கக்கூடிய ஆபத்து. அப்ப ரிலேட்டிவ் ரிஸ்க்குக்கு, அதாவது ஒரு குழுவின்ர ஆபத்து மற்றக் குழுவின்ரயைப்போல எத்தினை மடங்கு எண்ட கணக்குக்கு, என்ன வைக்கப்போறியள்? பௌதிகவியல்ல சார்பு வேகம் படிச்ச பிள்ளை 'சார்பு இடர்' எண்டதைக் கண்டா அதைத்தான் நினைக்கும், நினைக்கிறதும் சரி. ரெண்டும் ஒரே ரிவியூவில (பல ட்ரையல்களைத் திரட்டி மதிப்பிடுற கட்டுரை) வாறது மட்டுமில்ல, அப்பிடி மருத்துவ ரிவியூ செய்யிற கொக்ரேன் அமைப்பின்ர ரிவியூக்களில ஒரே படத்திலயே வரும், ட்ரையல் முடிவுகளை வரிசையாக் காட்டுற ஃபொரஸ்ட் ப்ளொட்டில ஒவ்வொரு ட்ரையலுக்கும் ரிலேட்டிவ் ரிஸ்க் பெட்டி இருக்கும், பக்கத்தில பச்சை மஞ்சள் சிவப்பு வட்டமா ரிஸ்க் ஒஃப் பயஸ் இருக்கும் (பச்சை குறைவு, சிவப்பு கூட). ரெண்டுக்கும் மேல ஒரே தலைப்பா? கணிதத்தில ஃபங்ஷனுக்கும் சார்புதான், அந்தச் சொல்லைக் கொஞ்சம் விடுங்கோ பாவம்.

'பக்கச்சார்பு' எண்டு முழுசாப் போட்டா இந்தக் குழப்பம் இல்லதான். ஆனா எனக்கு அதிலதான் பெரிய சிக்கல். திருகோணமலைக் கோணேசபுரியில கம்பஸ் பிள்ளையளோட ட்ரையல் மதிப்பிடேக்க ரெண்டு பேர் தனித்தனியா ஃபோர்ம் நிரப்பிப்போட்டு பிறகு ஒப்பிட்டுப் பாக்கிறது வழக்கம். முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசின ஒரு ட்ரையல், கனபேர் கடைசி அளவீட்டுக்கு வரேல்ல, ஏன் வரேல்ல எண்டு கட்டுரையில ஒரு வரியும் இல்ல. ஒரு பிள்ளை சிவப்புப் போட்டு காரணப் பெட்டிக்குள்ள 'ஆய்வாளர் பக்கச்சார்பாக நடந்துள்ளார்' எண்டு எழுதியிருக்கு. மற்றது பச்சை போட்டிருக்கு, காரணம் 'ஆய்வாளர் நேர்மையானவராகத் தெரிகிறது'. ரெண்டு பேரும் ட்ரையலை விட்டுட்டு ஆளுக்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கினம்! நோகுற ஆக்கள் வெறுத்துப்போய் நிண்டுட்டா மிஞ்சின ஆக்களின்ர கணக்கில எண்ணெய் நல்லாத்தான் தெரியும். ஒருத்தரும் பொய் சொல்லேல்ல, எண் தானாச் சரிஞ்சிட்டுது.

கொக்ரேன்காரர் 2008இல வெளியிட்டதைத் திருத்தி 2019இல வந்த, ரிஸ்க் ஒஃப் பயஸை மதிப்பிடுற ரோப் 2 கருவியைப் பாருங்கோ. குழு பிரிக்கிறது, குடுக்கிறம் எண்ட சிகிச்சையில இருந்து விலகுறது, விடுபட்ட முடிவுத்தரவு, அளவெடுக்கிற விதம், கிடைச்ச கணக்குகளில எதைத் தெரிஞ்செடுத்து வெளியில சொல்லுறது எண்டு அஞ்சு இடத்தைத்தான் கேக்குது. ஆளின்ர மனசைக் கேக்கேல்ல. கடைசியில மட்டும் கொஞ்சம் ஆள் மணக்கும்.

அதால நான் சொல்லுறது 'கோடல்', ஒரு பக்கம் வளைஞ்சு சரியிறது. ஓ.எல். கணிதத்தில 'கோடாத நாணயம் ஒன்று சுண்டப்படுகிறது' எண்ட கணக்குச் செய்யாத ஆள் இங்க ஆர் இருக்கு? கோடின நாணயத்தோட ஒருத்தரும் கோவிக்கிறேல்ல. ரிஸ்க் ஒஃப் பயஸ் – கோடல் இடர். பப்ளிகேஷன் பயஸ் வெளியீட்டுக் கோடல், செலெக்ஷன் பயஸ் தெரிவுக் கோடல், ரீகோல் பயஸ் நினைவுக் கோடல், எல்லாம் இழுபறி இல்லாம விழுது. ரோப் 2இன்ர மூண்டு தீர்ப்பும் குறைந்த கோடல் இடர், சில ஐயங்கள், உயர் கோடல் இடர் எண்டு வரும். (கம்பஸில ஒருத்தர் 'கோணல்' எண்டே வையுங்கோ, திருகோணமலைச் சொல்லெண்டு ஆருக்கும் தெரியட்டும் எண்டு நக்கலடிச்சவர். பதிவுக்குச் சொல்லிவைக்கிறன்.)

---

> கோடல் இடர்

தம்பி, அட்டவணைக்குச் சரி. ஆனா நோயாளிக்கு எழுதுற எளிய சுருக்கத்தில இதைப் போட்டா எங்கட அம்மா கோடு கீறுற விசயம் எண்டுதான் நினைப்பா. தமிழ்நாட்டு ஆக்களுக்கும் கோடாத நாணயம் பழக்கமில்ல, அவை 'சார்பு' எண்டே எழுதிக்கொண்டிருக்கினம்.

---

அக்கா, எளிய சுருக்கத்தில கலைச்சொல்லே வேண்டாம். 'பாதியில நிண்ட ஆக்கள் கூட எண்டபடியா எண்ணெயின்ர பலன் உள்ளதைவிடக் கூடத் தெரிஞ்சிருக்கலாம்' எண்டு நடந்ததை எழுதினாப் போதும், அம்மாவுக்கு அதுதான் தேவை. தமிழ்நாட்டு ஆக்களுக்காக முதல்முறை வாற இடத்தில ஒரு வரி விளக்கம் போடுவம், ஆனா 'சார்பு' எண்டு எழுதினா ரிலேட்டிவ் ரிஸ்க்கோட மோதுற பிரச்சினை அவைக்கும் இருக்கு, அதை அவையே சொல்லட்டும்.

வேற மறுப்பு இல்லாட்டி நான் எங்கட ஃபோர்மில கோடல் இடர் எண்டு மாத்திறன். அடுத்தது ஹெட்டரோஜெனிட்டி, ட்ரையல்கள் ஒண்டுக்கொண்டு வேறுபடுறது. சயன்ஸ் புத்தகத்துப் 'பல்லினக் கலவை'யைப் பிடிச்சு 'பல்லினத்தன்மை' எண்டு ஆரோ போட்டிருக்கினம், திருகோணமலையில அந்தச் சொல்லோட ரிவியூ குடுத்தா ஆக்கள் தேர்தல் அறிக்கையெண்டு நினைக்கப்போகினம், வேற யோசியுங்கோ.