சுளுக்கு என்று உருவிவிட்டோம், உடைந்திருந்தது சுண்டுவிரல் எலும்பு

போன ஐப்பசி மழையில் மாடிப்படி இறங்கும்போது குதிகால் தரையில் படுவதற்குள் பாதம் வெளி ஓரமாக மடங்கி, மொத்த எடையும் அதன் மேல் இறங்கிவிட்டது. 'டக்' என்ற சத்தம் எனக்கே கேட்டது. எல்லாரும் சுளுக்கு என்றார்கள், அத்தை நல்லெண்ணெய் காய்ச்சி உருவிவிட்டார், பக்கத்து கிளினிக்கிலும் கணுக்காலை மட்டும் பார்த்து க்ரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் வலி கணுக்காலில் இல்லவே இல்லை. பாதத்தின் வெளி ஓரத்தைக் குதிகாலிலிருந்து சுண்டுவிரல் வரை தடவிப் பாருங்கள், பாதி வழியில் ஒரு முண்டு தட்டுப்படும். அதுதான் ஐந்தாவது மெட்டாடார்சலின், அதாவது சுண்டுவிரலுக்குப் பின்னால் பாதத்துக்குள் இருக்கும் நீண்ட எலும்பின், அடிப்பாகம். காலின் வெளிப்பக்கமாக இறங்கிவரும் பெரோனியஸ் பிரீவிஸ் தசைநாண் அந்த முண்டில்தான் வந்து பிடிக்கிறது. கால் பிசகும்போது அந்த இழுப்பில் நுனி மட்டும் பெயர்ந்தால் பெரும்பாலும் தானே கூடிவிடும்.

எனக்கு அப்படி இல்லை. பத்து நாள் கழித்துப் பார்த்த எலும்பு டாக்டர் அந்த முண்டை விரலால் அழுத்தியதும் உயிரே போய்விட்டது, உடனே பாதத்துக்குப் படம் எடுக்கச் சொன்னார். நுனியிலிருந்து கொஞ்சம் முன்னே தள்ளி, நான்காவது எலும்போடு சேரும் இடத்தில், குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு. இதற்கு ஜோன்ஸ் முறிவு என்று பெயர். ராபர்ட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் எலும்பு மருத்துவர் நடனமாடும்போது குதிகால் தரையில் படாத நிலையில் பாதத்தின் வெளி ஓரத்தில் மிதித்து, தனக்கே உடைந்ததை 1902இல் எழுதினார். கிட்டத்தட்ட நான் விழுந்த விதமேதான்!

அந்த இடம் ரத்த ஓட்டத்தின் கடைமடை. எலும்பின் நடுத்தண்டுக்குள் நுழையும் ரத்தக்குழாய் ஒரு பக்கமிருந்து வருகிறது, முண்டுக்கு வேறு குழாய்கள், இரண்டும் முடிகிற இடத்தில்தான் முறிவு. அதனால் ஆறி வர நாளாகும், சிலருக்குக் கூடாமலே போய் ஸ்குரூ போட வேண்டிவரும். எனக்கு எட்டு வாரம் மாவுக்கட்டு, காலை ஊன்றவே கூடாது.

கால் பிசகினால் யாருக்கு எக்ஸ்ரே தேவை என்று டாக்டர்களுக்குச் சொல்ல 1992இல் கனடாவில் வகுத்த ஒட்டாவா விதிகளிலேயே, கால் பிசகியவருக்கு இந்த முண்டில் அழுத்தினால் வலித்தால் பாதத்துக்கு எக்ஸ்ரே எடு என்று இருக்கிறது. பத்து நாள் உருவிவிட்டுக்கொண்டிருந்ததை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம், போன மாதம் அண்ணன் மகனுக்கும் (12 வயது) கால் பிசகியது. படத்தில் அதே இடத்தில் கோடு, எனக்குக் கை நடுங்கிவிட்டது. டாக்டர் காட்டினார்: அவன் கோடு குறுக்கே இல்லை, எலும்பின் நீளவாக்கில் ஓடுகிறது, வளரும் பிள்ளைகளுக்கு இன்னும் ஒட்டாமல் இருக்கும் பகுதி அது. முண்டை அழுத்தினார், அவன் முகம்கூடச் சுளிக்கவில்லை.