பட்டத்தைப் பங்கு போட்டது சரியா? நியூயார்க் பிளிட்ஸ் இறுதி

யானைமுனை: 2024 டிசம்பர் 31 அன்று நியூயார்க்கில் நடந்த உலக பிளிட்ஸ் (அதிவேக செஸ்) இறுதியை நேற்று மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். முதல் இரண்டு ஆட்டமும் கார்ல்சனுக்கு, இன்னும் அரைப் புள்ளி எடுத்தால் பட்டம் என்ற நிலையில் எதிராளி நெபோம்னியாச்சி அடுத்த இரண்டையும் ஜெயித்து 2-2 ஆக்கினார். அப்புறம் சடன் டெத்தில், அதாவது முதலில் ஜெயிப்பவருக்கே பட்டம் என்ற கட்டத்தில், மூன்று டிரா. உடனே பகிர்ந்துகொள்ளலாமா என்று கார்ல்சன் கேட்க, உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயும் ஒத்துக்கொண்டது. யாராவது ஒருவர் ஜெயிக்கும்வரை ஆட வேண்டும் என்பதுதானே விதி? அரையிறுதியில் தோற்றவர்களுக்கு என்ன பதில்?

கறுப்புச்சிப்பாய்: முந்தின நாள் முழுக்க சுவிஸ் சுற்றுகள் (யாரையும் வெளியேற்றாமல், சம புள்ளிக்காரர்களை மோதவிடும் முறை), அன்றைக்கே காலிறுதி, அரையிறுதி, இறுதி. அந்த இறுதியில் மட்டும் ஏழு ஆட்டம் ஆடியும் சமம் என்றால் அவர்கள் சமம்தான். டோக்கியோ ஒலிம்பிக்கில் பார்ஷிமும் தம்பேரியும் உயரம் தாண்டுதல் தங்கத்தைப் பகிர்ந்தபோது எல்லோரும் கண்கலங்கினோமே.

யானைமுனை: அங்கே பகிரலாம் என்று விதியிலேயே இருந்தது, இங்கே ஆட்டத்தின் நடுவில் கேட்டு வாங்கினார்கள், இரண்டும் ஒன்றல்ல. 2021இல் வார்சாவில் நடந்த இதே உலக பிளிட்ஸில் வஷியே-லாகிராவும் டூடாவும் டைபிரேக்கில் (சமநிலையை முறிக்கும் ஆட்டங்களில்) இரண்டு டிராவுக்குப் பிறகும் ஆடினார்கள், மூன்றாவதில் முடிவு வந்தது. களைப்பு என்பதும் பிளிட்ஸில் ஒரு பகுதிதான். ஆளுக்கு மூன்று நிமிடம், நகர்த்தலுக்கு இரண்டு நொடி கூடுதல், அவ்வளவுதான். எனக்கே ஒரு தடவை, ஒரு சிப்பாய் அதிகம் இருந்த யானை முடிவாட்டத்தில், கை நடுங்கி யானையை இரண்டு கட்டத்துக்கு நடுவில் வைத்துவிட்டேன், அதை நகர்த்திச் சரியாக வைப்பதற்குள் நேரம் போய்விட்டது. தோல்விதான், எதிராளியிடம் பகிர்ந்துகொள்ளலாமா என்று கேட்கவா முடியும்?

நடுக்கட்டம்: குறை விதியில்தான் இருக்கிறது. எல்லையே இல்லாமல் சடன் டெத் வைத்தால் இப்படித்தான் ஆகும். இரண்டு டிராவுக்குப் பிறகு ஆர்மகெடான் என்ற ஒரே ஒரு முடிவு ஆட்டம் வைத்திருக்கலாம், வெள்ளைக்கு நேரம் கொஞ்சம் கூட, கறுப்புக்கு ஜெயிக்க டிராவே போதும்.

கறுப்புச்சிப்பாய்: டிரா செய்தவருக்கு உலகப் பட்டமா? அதற்கு இரண்டு பேர் பகிர்வது எவ்வளவோ மேல்.

யானைமுனை: ஆர்மகெடான் முன்கூட்டியே விதியில் இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை, பகிர்வதும் அப்படித்தான், முதல் சுற்றுக்கு முன்னால் எழுதி வையுங்கள், தலை வணங்குகிறேன். ஆனால் அன்று இரவு எழுதியிருந்தது வேறு. எட்டாவது ஆட்டத்துக்குக் காய்களை அடுக்கியிருக்க வேண்டும்.