அசன ஏலத்தில் 18,400 ரூபாய் குறைகிறது, கமிட்டியில் வைக்கணுமா?

கணக்கர்58:
எங்கள் சபையில் ஆறு வருடமாக நான்தான் பொருளாளர். போன மாதம் அசனப் பண்டிகை, சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் விருந்து. காணிக்கையாக வந்த பொருட்களை விற்கும் ஸ்தோத்திர ஏலத்தில் வாழைத்தார், தேங்காய், இரண்டு கிடா, யாரோ கொண்டுவந்த ஒரு கட்டு முருங்கைக்காய், எல்லாம் நல்ல விலைக்குப் போனது. ரசீதுப் புத்தகம் ஐயர் (எங்கள் சபைப் போதகர்) மகனிடம். 20 வயதுப் பையன். கணக்கு முடிக்க உட்கார்ந்தால் 41 முதல் 46 வரை அடிக்கட்டையோடு ஆறு தாள் இல்லை. ஏலம் எடுத்தவர்களை ஒவ்வொருவராகக் கேட்டுக் கூட்டிப் பார்த்ததில் 18,400 ரூபாய் துண்டு விழுந்தது.

ஐயரிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். முகம் செத்துப்போய்விட்டது. மறுநாள் காலையில் முழுத் தொகையையும் கவரில் கொண்டுவந்து தந்தார். "அவனை நல்லாத் திட்டிட்டேன் அண்ணாச்சி. மத்தேயு 18-ல் உள்ளபடி தனியா வந்து சொன்னீங்க, அதோட முடிஞ்சது" என்றார். கிறிஸ்துமஸ் கேரல் வசூலுக்கும் அவனே புத்தகம் வைத்திருப்பான் போலிருக்கிறது.

பணம்தான் வந்துவிட்டதே, இனி கமிட்டியில் சொல்லணுமா?

குருவானவர் மகள்:
மத்தேயு 18:15 மட்டும் படித்தால் ஐயர் சொன்னது சரி. 16, 17-ஆம் வசனங்கள் கீழேயே இருக்கின்றன: கேட்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிக்கொண்டு போ, அப்புறம் சபைக்குச் சொல். உங்கள் பேச்சைக் கேட்டது அப்பா. தப்பு செய்த பையனிடம் நீங்கள் இன்னும் பேசவே இல்லை.

பைபிளில் வரும் ஆசாரியன் ஏலி தன் பிள்ளைகளைக் கண்டிக்கவே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். 1 சாமுவேல் 2-ஐ எடுத்துப் பாருங்கள், திட்டத்தான் செய்கிறார். ஜனங்கள் பலியிட்ட இறைச்சியை வேலைக்காரன் மூன்று கூருள்ள ஆயுதத்தால் பானைக்குள் குத்தி எடுத்ததும், கொழுப்பை எரிக்கும் முன்னே பச்சையாகவே கொடு என்று மிரட்டியதும் அவர் மகன்கள் ஓப்னி, பினெகாஸ் இருவருக்காகத்தான். இவர்கள் செய்வதெல்லாம் அப்பா காதுக்கு வந்தது, கடிந்துகொண்டார். ஆனால் வேலையை விட்டு நீக்கவில்லை. மறுநாளும் அவர்களே ஆசாரியர்கள். அடுத்த அதிகாரத்தில் அவர்மேல் வரும் குற்றச்சாட்டு, தெரிந்தும் அவர்களை அடக்கவில்லை என்பதுதான்.

என் தம்பி ஒருமுறை காணிக்கைப் பையில் கை வைத்தான். கமிட்டியில் அப்பாவே எழுந்து சொன்னார். தம்பி இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவான். சும்மா முடிந்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

காயல் வாசி:
நான் முஸ்லிம், குறுக்கே பேசுவதாக நினைக்க வேண்டாம். நபிகள் காலத்தில் மக்ஸூம் கோத்திரத்துப் பெண் ஒருத்தி திருடிவிட்டாள். பெரிய இடம். அவளுக்காகப் பரிந்து பேச நபிகளுக்குப் பிரியமான உசாமாவை அனுப்பினார்கள். பெரியவர் திருடினால் விட்டுவிட்டு எளியவரைத் தண்டித்துத்தான் முன்னிருந்தவர்கள் அழிந்தார்கள், என் மகள் ஃபாத்திமா என்றாலும் இதே தீர்ப்புதான் என்றார்கள் நபிகள். தண்டனையை விடுங்கள். அந்த மேசையில் ஒரு கூலிக்காரர் மகன் இருந்திருந்தால் கவர் வந்திருக்குமா, போலீஸ் வந்திருக்குமா அண்ணாச்சி?

தெருமுனை:
20 வயசுப் பையனை ஊர் முன்னால் நாறடித்து என்ன லாபம்? புத்தகத்தை மட்டும் வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம். இன்னொன்று, ஏல மேசையில் ஒருவன் தனியாக உட்கார மாட்டான். கூட யார் இருந்தது?

கணக்கர்58:
தெருமுனை கேட்டதற்கு. கூட இருந்தது என் மகன். கேள்வியில் அதை எழுதாமல் விட்டேன்.

பண்டிகை முடிந்த வாரம் அவன் அம்மாவுக்கு மிக்ஸி வாங்கி வந்தான். பந்தல் வேலைக்குப் போன காசு என்றான். எத்தனை நாள் போனாய் என்று நான் கேட்கவில்லை. ஆறு வருடமாக அடுத்தவர் ரசீதைப் புரட்டிப் பார்க்கிற ஆள் நான். முந்தாநாள் ராத்திரி கேட்டேன். முதலில் இல்லை என்றான், அப்புறம் இரண்டு தாள் தான் கிழித்தது என்றான். ஆக, ஐயர் தந்த கவரில் என் வீட்டுக் கடனும் இருக்கிறது.

மிக்ஸியைப் பெட்டியில் போட்டுக் கட்டிவிட்டேன். வீட்டுக்காரி நேற்றிலிருந்து அம்மியில் அரைக்கிறாள். என்னோடு பேசவில்லை. சாயங்காலம் மகனைக் கூட்டிக்கொண்டு ஐயர் வீட்டுக்குப் போனேன். நான்கு பேரும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். ஐயர்தான் முதலில், "சரி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் கமிட்டியைக் கூட்டிருவோம்" என்றார். ரசீதுப் புத்தகம் இப்போது என் பீரோவில். அதையும் சாவியையும் அன்றைக்கே வேறு ஆளிடம் கொடுத்துவிடப் போகிறேன்.