“நம்ம வீடு” குழு: கொட்டகை ஷீட்

முருகன்: நாளைக் காலை மாட்டுக் கொட்டகையைப் பிரிக்கிறோம். தகர ஷீட் வந்து இறங்கிவிட்டது. பழைய ஆஸ்பெஸ்டாஸை உடைத்துக் கொல்லைப் பள்ளத்தில் தள்ளிவிடலாம். உடையாமல் நாலு கிடைத்தால் கோழிக்கூண்டுக்கு ஆகும்.

முருகன்: (படம்)

செந்தில்: சித்தப்பா, உடைக்க மட்டும் சொல்லாதீர்கள். படத்தில் ஓரத்தில் நார் நாராகத் தொங்குகிறதே, அதுதான் கல்நார், ஆஸ்பெஸ்டாஸ் என்பதும் அதுவே. உடைத்தால் கண்ணுக்குத் தெரியாத தூளாகப் பறக்கும். நுரையீரலுக்குள் போனால் கரையாது, அங்கேயே தங்கிவிடும்.

முருகன்: அடேய், அதன் கீழேதான் நீ விளையாடி வளர்ந்தாய். உன் அப்பாவும் நானும் 1988இல் ரம்பத்தால் அறுத்து ஏற்றிய ஷீட் அது. இன்றுவரை எனக்கு ஒரு இருமல் கிடையாது.

செந்தில்: இன்று இழுத்து நாளை இருமுகிற சமாச்சாரம் இல்லை சித்தப்பா. நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் புற்றுநோய், மீசோதீலியோமா என்பார்கள், 20 வருடத்துக்குள் வருவதே அபூர்வம். 40 வருடம் கழித்தும் வரும். உடம்பு அந்த நாரை விழுங்கி அழிக்கப் பார்க்கும், முடியாது. அந்த இடம் வருடக்கணக்கில் புண்பட்டுக்கொண்டே இருக்கும்.

சரோஜா: அப்போது இவர் லுங்கியை உதறித் துவைத்தது நான்தான். மாவு மாதிரிக் கொட்டியது. தினமும் அதன் கீழே உட்கார்ந்துதான் பாலும் கறந்தேன்.

செந்தில்: பயப்படாதீர்கள் சித்தி. ஷீட் முழுசாக இருக்கும்வரை நார் சிமெண்டுக்குள் இறுகிக் கிடக்கும். எவ்வளவு தூள், எத்தனை காலம் என்பதுதான் கணக்கு. நீங்கள் ஒருமுறை துவைத்ததை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். ஆலைத் தொழிலாளிகளின் வீட்டில் கூட இருந்தவர்களுக்கும் இந்த நோய் வந்ததை லண்டன் ஆய்வு ஒன்று 1965லேயே சொன்னது. அது தினமும் வீட்டுக்கு வந்த தூசி.

ரகு: நம் நாட்டில் தடையே இல்லையே மாப்பிள்ளை? கடையில் இன்றும் விற்கிறான். இது வெள்ளைக் கல்நார் வகை, ஒன்றும் செய்யாது என்று கடைக்காரர் சொன்னாரே.

செந்தில்: விற்பவர் வேறு என்ன சொல்வார் மச்சான்? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வெள்ளை உட்பட எல்லா வகையையும் முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற பிரிவில், வைத்திருக்கிறது. சிகரெட்டும் அதே பிரிவுதான். அமெரிக்கா 2024இல் வெள்ளைக்கும் தடை ஆணை போட்டது. இலங்கை 2018 முதல் கட்டுப்பாடு என்றது. 2017 டிசம்பரில் டீயில் வண்டு இருந்தது என்று ரஷ்யா தேயிலை வாங்குவதை நிறுத்தியதும், அந்த முடிவைத் தள்ளிவைத்துவிட்டார்கள். கல்நாரை அதிகம் தோண்டி விற்கும் நாடு எது தெரியுமா? அதே ரஷ்யா.

கவிதா: உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்நார்த் தொழிலாளியின் மருத்துவப் பதிவை வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்டபின் 15 வருடம், எது பிந்தியதோ அதுவரை முதலாளி வைத்திருக்க வேண்டும். உடனே வருகிற நோய்க்கு எதற்கு 40 வருட ஏடு சித்தப்பா?

முருகன்: வக்கீலம்மாவும் வந்தாச்சா. சரி.

செந்தில்: நாளை பிரிக்கப் போவது யார்?

முருகன்: மாரியும் அவன் மகனும்.

செந்தில்: நாம் ஒருநாள் வேடிக்கை பார்ப்போம். அவர்களுக்கு இதுவே பிழைப்பு, ஊரில் எந்தக் கொட்டகை என்றாலும் அவர்கள்தான். பையன் பீடி வேறு பிடிப்பான். கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு ஏறும்.

முருகன்: அப்படியானால் என்னதான் செய்யச் சொல்கிறாய்?

செந்தில்: நாளை வேண்டாம், இரண்டு நாள் தள்ளுங்கள். இங்கே ஷார்ஜா சைட்டில் பெர்மிட் இல்லாமல் ஒரு ஷீட்டைத் தொட விடமாட்டோம். அங்கே அவ்வளவு முடியாது, ஆனாலும் முதலில் தண்ணீரில் கொஞ்சம் சோப்புத்தூள் கலந்து ஷீட்டை நன்றாக நனைக்க வேண்டும். போல்ட் துருப்பிடித்திருக்கும். போல்ட்டை வெட்டுங்கள், ஷீட்டை அறுக்காதீர்கள். மேலே ஏறி மிதிக்கவே கூடாது, உடைந்தால் ஆளும் சேர்ந்து விழுவான். முழுசாக இறக்கித் தடித்த பிளாஸ்டிக் பாயில் சுற்றி ஓரமாக வையுங்கள். எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று ஊராட்சியில் கேட்டுக்கொள்ளலாம். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். அன்றைக்குப் பேரப்பிள்ளைகள் யாரும் வீட்டில் இருக்க வேண்டாம்.

முருகன்: முகத்தில் துண்டு கட்டிக்கொண்டால் போதாதா?

செந்தில்: துண்டு, துணி மாஸ்க் எதுவும் இந்த நாரைத் தடுக்காது. வடிகட்டி மாட்டிய ரப்பர் மாஸ்க் வேண்டும், வடிகட்டியில் பி100 என்று இருக்கிறதா பாருங்கள். மாஸ்க் இரண்டுக்கும் பணம் நான் அனுப்புகிறேன், மாரி கூலியில் பிடித்துவிடாதீர்கள்.

சரோஜா: நான் பிடிக்க விடமாட்டேன். கோழிக்கூண்டுக்கும் மிச்சத் தகரத்தையே போடுங்கள்.

ரகு: மாப்பிள்ளை, எங்கள் மாடி மோட்டார் ரூமுக்கும் இதுதான் கூரை. டிஷ் மாட்ட அதில் துளை போடுவதற்கு மதியம் ஆள் வருகிறான்.

செந்தில்: உடனே போன் போடுங்கள் மச்சான். சுவரில் மாட்டச் சொல்லுங்கள்.