கூகுளில் இருக்கிறதாம், தேடினால் மட்டும் வரவில்லை: உதவி தேவை

ஓய்வு_வாத்தியார்:
வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிறுதோறும் ஆறு பேருக்கு வலைப்பதிவு எழுதச் சொல்லித் தருகிறேன். நானே அரைகுறைதான். எல்லாரும் பிளாக்கரில் எழுதுகிறார்கள். ஐந்து பேரின் பதிவுகள் தலைப்பைத் தட்டினால் வந்துவிடுகின்றன. ஆறாமவர் பாரம்பரிய நெல் பற்றி எழுதுபவர். அவருடைய 22 பதிவில் ஒன்றுகூட வரவில்லை. நம் பக்கத்தைக் கூகுள் எப்படிப் பார்க்கிறது என்று காட்டும் சர்ச் கன்சோலில் பார்த்தால் பக்கம் கூகுளில் இருப்பதாகவே காட்டுகிறது. யாரோ சொன்னார்கள் என்று மெட்டா கீவேர்டும் (தேடுபொறிக்காகப் பக்கத்தின் நிரலில் எழுதும் குறிச்சொற்கள்) நாற்பது போட்டோம். மனிதர் சோர்ந்துவிட்டார்.

மாடித்தோட்டம்:
பிளாக்கர் அமைப்புகளில், தனியுரிமைப் பகுதியில், தேடுபொறிகளுக்குத் தெரிய வேண்டுமா என்று ஒரு பொத்தான் இருக்கும். அது அணைந்திருக்கிறதா பாருங்கள்.

ஓய்வு_வாத்தியார்:
முதலிலேயே பார்த்துவிட்டேன் அம்மா, இயக்கத்தில்தான் இருக்கிறது. பக்கங்களின் பட்டியலான சைட்மேப்பும் கூகுளுக்குக் கொடுத்தாயிற்று.

பழைய_பதிவர்:
சார், மெட்டா கீவேர்டை விடுங்கள். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது. இன்னமும் வகுப்பெடுப்பவர்கள் விடுவதாயில்லை!

பதிவின் ஒரு முழு வாக்கியத்தை மேற்கோள்குறிக்குள் தட்டச்சு செய்து தேடுங்கள். அதிலும் வரவில்லை என்றால் போட்டி அதிகம் என்று சமாதானம் சொல்ல முடியாது. அப்புறம், பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டி, என்ன வருகிறது என்று சொல்லுங்கள்.

ஓய்வு_வாத்தியார்:
தேடினால் இல்லை. நோட்பேடில் தமிழே வரவில்லை! ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிறது. பிரவுசர் டேபிலும் தலைப்பு இப்படித்தான் கிறுக்கலாக வரும், என் கணினிதான் பழசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் முப்பது வருஷம் டிடிபி கடை வைத்திருந்தவர். மகன்தான் வலைப்பதிவின் தோற்றத்தை அமைக்கும் தீமில் ஏதோ எழுத்துருவைச் சேர்த்துக் கொடுத்தாராம்.

பழைய_பதிவர்:
அப்படியானால் பாமினிதான், டிடிபி கடைகளில் புழங்கும் பழைய தமிழ் எழுத்துரு. அவர் தட்டுவது ஆங்கில எழுத்து, அதன்மேல் தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது. மனிதக் கண்ணுக்குத் தமிழ், கூகுளுக்கு உளறல். மற்ற ஐவரும் யூனிகோடில், அதாவது தமிழ் எழுத்தைத் தமிழாகவே கணினியில் பதியும் முறையில், எழுதியிருப்பார்கள்.

என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற ஒரு மாற்றியில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். தலைப்பு, லேபிள், வலைப்பதிவின் பெயர் எதையும் விடாதீர்கள். முடிந்ததும் தீமில் சேர்த்த எழுத்துருவை எடுத்துவிடுங்கள். பிறகு சர்ச் கன்சோலில் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு நாளைக்குச் சில பக்கங்களுக்குத்தான் கேட்க முடியும், மற்றவை தானாகப் போகும்.

மாடித்தோட்டம்:
பழைய பதிவுகளின் முகவரியை மாற்ற வேண்டாம். ஏற்கெனவே பகிர்ந்த இணைப்புகள் அறுந்துவிடும். புதியவற்றுக்கு மட்டும், வெளியிடும் முன்பே முகவரியை ஆங்கில எழுத்தில் நீங்களே கொடுங்கள். தமிழ்த் தலைப்பை பிளாக்கர் முகவரியில் எடுத்துக்கொள்ளாது, பொத்தாம்பொதுவாக ஒன்றை வைத்துவிடும். இதனால் தரவரிசை பெரிதாக ஏறாது, வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது என்ன பதிவு என்று தெரியும், அவ்வளவுதான். நெல் பெயரை ஆங்கில எழுத்திலும் பதிவில் ஒருமுறை எழுதச் சொல்லுங்கள். அப்படித் தட்டித் தேடுபவர்களும் நிறைய.

ஓய்வு_வாத்தியார்:
பத்து நாள் கழித்து வருகிறேன். ஏழு பதிவுகள் தேடலில் வந்துவிட்டன, நன்றி. கருங்குறுவை பதிவு முதல் பக்கத்திலேயே! ஆனால் ஒரு வேடிக்கை. விதை அளவுக்கு கிலோ என்பதை ஆங்கிலச் சுருக்கமாக எழுதிய இடமெல்லாம் '25 மப' என்று ஆகிவிட்டது.

பழைய_பதிவர்:
ஆங்கிலமாகவே எழுதியதையும் மாற்றி தமிழாக்கிவிட்டது சார். ஒரேயடியாக மாற்றாமல், எண்ணுக்குப் பின்னால் வரும் 'மப'வை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். மின்னஞ்சல் முகவரி ஏதாவது கொடுத்திருந்தால் அதுவும் இந்நேரம் தமிழாகியிருக்கும்.