பதில் வராத ஜெபம்: வேதாகமத்தில் உங்களை விடாமல் துரத்தும் காட்சி எது?

விடிவெள்ளி:
எனக்கு, பிள்ளை இல்லாமல் அழுது ஜெபித்த அன்னாள்தான். 1 சாமுவேல் 1:18. உதடு மட்டும் அசைந்ததும், ஆசாரியன் ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்ததும் எல்லாருக்கும் தெரியும். மனசை விட்டுப் போகாதது அதற்கு அடுத்து வருவது. எழுந்து போனாள், சாப்பிட்டாள், அப்புறம் அவள் முகத்தில் துக்கம் இல்லை. பிள்ளை வருவது 20ஆம் வசனத்தில். வீட்டில் சக்களத்தி பெனின்னாள் அப்படியே இருக்கிறாள், மடியும் வெறுமைதான். வருஷா வருஷம் அழுது சாப்பிடாமல் கிடந்தவள் அன்றைக்கு ஒரு வாய் சாப்பிட்டாளே!

மாலைக்காவல்:
அக்கா, அவளுக்கு ஏலி வாயால் ஒரு வார்த்தையாவது கிடைத்தது. அதுவும் கிடைக்காதவர்களுக்கு 88ஆம் சங்கீதம். அதைப் பாடிய ஏமான் பகலும் இரவும் கூப்பிடுகிறான், காலையிலும் வந்து நிற்கிறான். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைப் பக்கம் திரும்பிவிடும். இது திரும்பவே இல்லை. எபிரெயத்தில் கடைசிச் சொல்லே இருள். ஆனாலும் தொடங்கும்போது "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் கூப்பிடுகிறான். அழுகிறவர்களைப் பார்த்து "முதலில் ஸ்தோத்திரம் சொல்லு" என்கிறவர்கள் இதை ஒரு தடவை சத்தமாக வாசிக்கட்டும்.

கர்மேல்:
1 இராஜாக்கள் 18. அதே கர்மேல் மலை, அதே நாள், அதே எலியா தீர்க்கதரிசி. அக்கினி கேட்டார், ஒரே ஜெபம், விழுந்தது. மழைக்கோ முழங்கால்களுக்கு நடுவே முகத்தை வைத்துக் குனிந்து கிடக்கிறார். வேலைக்காரன் கடல் பக்கம் பார்த்துவிட்டு வந்து "ஒன்றும் இல்லை" என்கிறான். ஏழாந்தரம்தான் உள்ளங்கை அளவு மேகம். இத்தனைக்கும் மழை தருவேன் என்று கர்த்தர் முதல் வசனத்திலேயே சொல்லிவிட்டார். அக்கினி விழுந்தபோது இருந்த விசுவாசம் அதற்குள் வற்றியா போயிற்று? "உனக்கு விசுவாசம் போதவில்லை, அதான் பதில் இல்லை" என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

சிறுகூடாரம்:
கர்மேல் சொன்னதை வைத்து ஏழு தடவை, 21 நாள் என்று கணக்குப் போட்டு உட்காராதீர்கள். தானியேல் 10இல் பதில் வரத் தாமதித்த 21 நாள் நடந்ததைச் சொல்கிறது, நமக்குக் கெடு வைக்கவில்லை. 22ஆம் நாள் விடியும்போது மனசு உடைந்துவிடும்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 13ஆம் சங்கீதத்தைக் கையால் எழுதுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டில் நாலு தடவை "எதுவரைக்கும்" வருகிறது. நீங்களும் அதே சொல் வருகிற மாதிரி நாலு வரி எழுதுங்கள், மெருகு வேண்டாம். 3, 4இல் விண்ணப்பமும் காரணமும். உங்களுடையதை ஒரே வாக்கியத்தில், குறிப்பாக எழுதுங்கள். "ஆசீர்வதியும்" என்று மட்டும் எழுதினால் பதில் வந்ததா என்று பின்னால் கண்டுபிடிக்க முடியாது. 5, 6க்கு, முன்பு கிடைத்த ஒரு நன்மையைத் தேதியோடு எழுதுங்கள். நேரே ஐந்தாம் வசனத்துக்குத் தாவினால் பாரம் உள்ளேயே தங்கிவிடும். இரண்டோடு நிறுத்தினால் ஜெபம் போய் வெறும் யோசனை ஆகிவிடும்.

நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: கேட்டது, தேதி, இன்று செய்ய வேண்டியது. மூன்றாவதைத்தான் எல்லாரும் விடுகிறார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு ஜெபிப்பது காத்திருப்பது ஆகாது. சில மாதத்தில் கேட்டதே மாறிவிடும். பழையதை அடிக்காமல் கீழே புதிதாக எழுதுங்கள்.

திராட்சைக்கொடி:
மூன்றாவது கட்டம் என்றதும் பிள்ளைக்காகக் காத்திருந்த ஆபிராமின் மனைவி சாராய் வந்து நிற்கிறாள். கானானில் 10 வருஷம் பார்த்தாள், பிறகு தன் வேலைக்காரி ஆகாரை அவருக்கு மனைவியாகக் கொடுத்தாள். அதுவும் "செய்ய வேண்டியது"தானே? ஆதியாகமம் 16 முடியும்போது ஆபிராமுக்கு 86, 17 தொடங்கும்போது 99. நடுவில் 13 வருஷத்துக்கு ஒரு வசனம்கூட இல்லை. இரண்டு அதிகாரத்துக்கு நடுவே இருக்கும் அந்த வெள்ளை இடத்தைப் பாருங்கள். பிறகு கர்த்தர் பேசும்போது ஆபிராமோ, ஆகாரிடம் பிறந்த இஸ்மவேல் பிழைத்தால் போதும் என்கிறார். கேட்பதையே விட்டுவிட்டார்! அப்படிப்பட்டவரிடம்தான் ஈசாக்கு என்ற பெயரும், அடுத்த வருஷம் என்ற காலமும் சொல்லப்படுகிறது.

சிறுகூடாரம்:
நீங்கள் சொல்வது சரி. அந்தக் கட்டத்துக்கு "என் கையில் உள்ள கடமை" என்று தலைப்பு போடுங்கள். சிகிச்சை, விண்ணப்பம் போடுவது, மன்னிப்புக் கேட்பது எல்லாம் அதில் வரும். இன்னொருவரை நெருக்கினால்தான் நடக்கும் என்கிற எதையும் அதில் எழுதாதீர்கள்.